மீனம்மாவைச் சுமந்தவன்

சனிக்கிழமை மத்தியானம் தாண்டிவிட்டால் பிரதாபனுக்கு இருப்புக்கொள்ளாது. லயத்து வரிசையிலுள்ள தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் போவான், வெளியே வருவான். வாசலில் கிடக்கும் பலகையில் உட்காருவான், உட்கார்ந்த சூட்டோடு எழுந்துவிடுவான். விறகை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றி அடுக்குவான். பீலிக் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்து துடைப்பான், துண்டைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடியும் கழுவப் போவான்.

"தேத்தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்பாள் அவன் மனைவி பிரியந்தி.

"ஊத்து."

ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கும். அவள் அதை எடுத்து வைத்துவிடுவாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, அவன் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். வலது பக்கம் திரும்பினால் பீலி. இடது பக்கம் திரும்பினால் கீழ் லயம். அங்கேதான் கசிப்புச் சாராயம் விற்றார்கள்.

மற்ற நாட்களில் அவன் இடது பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தான். சனிக்கிழமை மட்டும் கூடாது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மீனம்மாவை முதுகில் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஏற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் மீனம்மா அவன் வாயை மோந்து பார்ப்பாள்.

டிக்கோயாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிரதாபன் முன்பு கொழுந்து ட்ரெக்டர் ஓட்டினான். நல்ல ட்ரைவர் என்று பெயர். எவ்வளவு குடித்தாலும் கை நடுங்காது என்று அவனே நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லுவான். ஒருநாள் விடாத மழை. மேல் மலையில் கொழுந்து பறித்த பெண்கள் தொப்பலாக நனைந்து நின்றார்கள். நடந்து இறங்கினால் ஒரு மணி நேரம் ஆகும். பாவமே என்று ட்ரெய்லரில் ஏறிக்கொள்ளச் சொன்னான். குளிருக்கு ஊற்றிக்கொண்டது ஏற்கெனவே உள்ளே இருந்தது. பாலத்துக்கு முந்திய வளைவில் சக்கரம் வழுக்கி, ட்ரெய்லர் ரோட்டோர வடிகாலான கானுக்குள் சரிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, வீக்கம். மீனம்மாவின் இடது கால் மட்டும் இரும்புக்கும் கல்லுக்கும் நடுவில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிரதாபனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. சில காலம் உள்ளே இருந்தான். லைசன்ஸ் போனது, தோட்டத்து வேலையும் போனது. வெளியே வந்த பிறகு பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்தான். முன்பு சந்தோஷத்துக்கும் குளிருக்கும் குடித்தவன், இப்போது ஒரு சத்தம் காதில் விழாமல் இருப்பதற்காகக் குடித்தான். இரும்பு கல்லில் இழுபடும் சத்தம் அது. அதற்குப் பின்னால் ஒரு பொம்பளையின் குரல்.

ஒரு சாயங்காலம், மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று புறப்பட்டான். வெறும் வயிற்றோடு போகத் தைரியம் வரவில்லை. குடித்துவிட்டுத்தான் போனான்.

மீனம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது. புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் கிஷாந்த் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். பிரதாபன் அவள் முன்னால் சிமெந்துத் தரையில் குப்புற விழுந்தான்.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்கக்கா."

மீனம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குடிச்சிட்டுத்தானே வந்திருக்க?"

அவன் முகத்தைத் தரையிலேயே வைத்திருந்தான்.

"எந்திரி. வாந்தி கீந்தி எடுத்து வச்சிராத. ஒத்தக் கால வச்சிக்கிட்டு நான்தான் கழுவணும்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அழுகையும் சளியுமாக முகம் இருந்தது. அவள் கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சபைக்குப் போயி எத்தன காலமாச்சுன்னு தெரியுமா ஒனக்கு? படி ஏறணும். ஆட்டோ இங்கிட்டு எறங்காது. பாஸ்டர் வாரத்துக்கு ஒருக்கா வந்து ஜெபிச்சிட்டுப் போறாரு. அது பத்தாது எனக்கு. எல்லாரோடயும் ஒக்காந்து பாடணும்."

"நான் என்னாக்கா செய்றது?"

"நீ தூக்கிட்டுப் போ."

"நானா?"

"வேற யாரு எங்கால எடுத்தது?" முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஞாயித்துக்கெழம வெள்ளன வா. குடிச்சிட்டு வந்தா ஏற மாட்டேன். மன்னிப்பப் பத்தி அதுக்கு அப்பறம் பேசிக்கலாம்."

அப்படித்தான் அது தொடங்கியது. ஒரு பிளாஸ்டிக் கதிரையின் காலைப் பாதியாக அறுத்து, மீனம்மாவின் பழைய கொழுந்துக் கூடைக் கயிற்றை அதில் கட்டினார்கள். கூடையைச் சுமக்கிற மாதிரியே கயிறு அவன் நெற்றியில் ஏறியது, இன்னும் இரண்டு பட்டி தோளில். அவளுடைய முதுகு அவன் முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்தது அடுத்த படி மட்டும். அவளுக்குத் தெரிந்தது ஏறி வந்த வழி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவர்கள் அந்தச் செங்குத்தில் ஏறினார்கள்.

முதல் வாரம் லயமே வேடிக்கை பார்த்தது. "என்னா பிரதாபா, அம்மன் தேரு வெள்ளனயே கெளம்பிருச்சா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமாடா, ஒனக்குப் பொறாமையா இருந்தா வந்து வடம் புடி!" என்று மீனம்மா மேலேயிருந்து பதில் சொன்னாள். பிரதாபனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

சபை ரோட்டோரத்தில் இருந்தது. முன்பு பலசரக்குக் கடையாக இருந்த இடம், தகரக் கூரை, பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சுகள். பாஸ்டர் முத்துலிங்கம் ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பிரதாபன் மீனம்மாவை உள்ளே இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொள்வான். அந்த இரண்டு மணி நேரமும் அவனுக்கு நரகம். முந்தின நாள் குடிக்காத உடம்பு முறுக்கும். பனி விலகாத காலையிலும் கழுத்தில் வேர்வை வடியும். எழுந்து ரோட்டில் நடப்பான், பஸ் தரிப்பிடம் வரை போவான், திரும்புவான். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். அதில் மீனம்மாவின் குரல் தனியாக, தாளத்துக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடும். முடிந்ததும் அவளைச் சுமந்து இறக்கிவிட்டு, நேராகக் கீழ் லயத்துக்குப் போய் ஒரே மூச்சில் குடிப்பான்.

ஒருநாள் பாஸ்டர் கையில் கோப்பையோடு வெளியே வந்தார். பிரதாபன் எழுந்து நின்றான். உள்ளே வரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தான்.

"ஒக்காருங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட வரல. தேத்தண்ணி ஆறிப்போகுது, அதான்."

கோப்பையை வாங்கினான். கை ஆடி, பாதி சட்டையில் சிந்தியது. பாஸ்டர் வேறு பக்கம் பார்த்தபடி, "ராவுல தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

"சனிக்கெழம மட்டும் வராதுங்க ஐயா."

"மத்த நாளு?"

"மத்த நாளு குடிச்சிட்டு விழுந்து கெடப்பேன். அதத் தூக்கம்னு சொல்ல முடியாது."

பாஸ்டர் தலையாட்டினார். "ஒங்களுக்காக ஜெபிக்கிறேன் தம்பி. நிப்பாட்டணும்னு எப்ப தோணுதோ, எனக்கு போன்ல ஒரு கோல் எடுங்க. தனியா நிப்பாட்டிப் பாக்காதீங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிரதாபன் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. பிரதாபன் வழக்கம்போலக் காம்பராவுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது மேலே ட்ரெக்டர் சத்தம் கேட்டது. புதிதாகப் போட்டிருந்த ட்ரைவர் கியரை மாற்றத் தெரியாமல் கரகரவென்று இழுத்தான். அந்தச் சத்தம் பிரதாபனின் பல்லுக்குள் இறங்கியது. அவனுடைய வண்டி அது. ஏற்றத்தில் எங்கே மூச்சு வாங்கும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். இனி ஒருநாளும் அதன் ஸ்டேரிங்கைத் தொட முடியாது.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசா வந்து நின்றான். பழைய கூட்டாளி. சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணி ஊரில் கடை போடுகிறவன், மற்ற மாதங்களில் சும்மா இருப்பவன். சட்டைக்குள் போத்தல் புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னாடா இப்புடி எளச்சிட்ட? அந்தப் பொம்பள ஒன்னைய நல்லா கழுத மாதிரி ஆக்கி வச்சிருக்கா."

"போயிரு சின்னராசா."

"ஒரு வாய்தாண்டா. நாளைக்கி வெள்ளன பல்ல வெளக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியப்போகுது?"

பிரியந்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அண்ணே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், இன்னைக்கி மட்டும் வேணாண்ணே." அதற்குள் பிரதாபன் செருப்பை மாட்டிவிட்டான். இடது பக்கம் நடந்தான். அவள் கூப்பிட்டது கேட்டது. கேட்டும் நடந்தான்.

மறுநாள் பல்லை விளக்கினான், கொய்யா இலையை மென்றான், பீலியில் தலையைக் கொடுத்து நின்றான். போகாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தான். ஆனால் கால் அங்கேதான் போனது. மீனம்மா வெள்ளைச் சேலை கட்டி, தலையை அழுந்த வாரிப் பின்னி, இஸ்தோப்பில் கதிரைக்குப் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"குனி," என்றாள்.

அவன் குனியவில்லை.

அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. முகம் மட்டும் இறுகிப்போனது. "போ," என்றாள்.

பக்கத்துக் காம்பரா வீரபத்திரன், "நான் தூக்கிட்டுப் போறேன் மீனம்மா, பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க" என்று வந்தார். "வேணாண்ணே, ஒங்களுக்கு முதுகு ஆகாது," என்று சொல்லிவிட்டாள்.

பிரதாபன் தேயிலை மலைக்குள் புகுந்தான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தான். நிரைக்கு நிரை ஏறினான், கானில் இறங்கினான், டேப்பென்டைன் மரத்தடியில் நின்றான், நிற்க முடியாமல் மறுபடியும் நடந்தான். காலில் அட்டை ஏறியது தெரியவில்லை. எங்கிருந்தோ சபைப் பாட்டு காற்றில் வந்தது. அதில் முந்திக்கொண்டு ஓடும் குரல் இல்லை. பாட்டு நின்றது. ஆட்கள் படியில் இறங்கி வீடுகளுக்குப் போனார்கள். மத்தியானம் ஆனது. மேல் பாதையில் நின்று அவன் கீழே பார்த்தான். மீனம்மா அதே இடத்தில், அதே வெள்ளைச் சேலையில், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினான். அவள் வாசல் கானோரத்தில் போய் உட்கார்ந்தான்.

"சாப்புட்டீங்களாக்கா?"

"இல்ல."

"வீரபத்திரன் அண்ணன் தூக்குறேன்னுதானே சொன்னாரு. போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நீ என்னா நெனச்சிக்கிட்டிருக்க? ஒன்ன நான் மன்னிச்சிட்டேன்னா, மன்னிக்கலன்னா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. வெள்ளன எந்திரிச்சதும் ஏசப்பாகிட்ட, அவன மன்னிச்சிட்டேன்னு சொல்றேன். சத்தியமா மனசோடதான் சொல்றேன். சாயந்தரம் குளிரு ஏறுனா இல்லாத கால் வலிக்குது பாரு, அப்ப நாசமாப் போறவன்னு ஒன்னத் திட்டி, குடுத்ததத் திருப்பி எடுத்துக்கிறேன். மறுநா வெள்ளன திரும்பக் குடுக்கிறேன். இப்புடியேதான் ஓடுது. ஒரே தடவையில குடுத்து முடிக்க எனக்கு ஏலாது. ஏசப்பாவுக்கும் அது தெரியும். அதனாலதான் தெனமும் வான்னு கூப்புடுறாரு."

பிரதாபன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "என்னால முடியலக்கா. சனிக்கெழம ஒரு நாளு இருந்து பாத்துட்டேன். அதுவே முடியல."

"ஒன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? முடியும்னு நெனச்சவன்தானே அன்னைக்கி ஸ்டேரிங்கப் புடிச்ச?"

அவன் அழுதான். இந்த முறை அழுகை குடியிலிருந்து வந்ததல்ல. அவள் அழவிட்டாள். பிறகு, "உள்ள சோறு கெடக்கு. போட்டு எடுத்துட்டு வா. நீயும் தின்னு," என்றாள்.

அன்றோடு விட்டுவிடுவது என்று பிரதாபன் முடிவு கட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டருக்குக் கோல் எடுக்கவும் இல்லை. செய்து காட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று ஒரு வீம்பு. திங்கட்கிழமை உடம்பு உதறியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தான். மறுநாள் சோறு உள்ளே போகவில்லை, தண்ணீரும் தங்கவில்லை. அன்று சாயங்காலம் சுவரில் ஓர் அட்டை ஊர்வதைப் பார்த்தான். தட்டிவிட்டான். இன்னொன்று. பிறகு சுவர் முழுக்க அட்டை. பாயில், பிரியந்தியின் சேலையில், அவன் விரல் இடுக்கில் எல்லாம்.

"உப்பு எடுத்துட்டு வா! உப்பு!" என்று அலறினான்.

"என்னாங்க, ஒண்ணுமே இல்லீங்க இங்க!"

அவன் அவள் கையைப் பிடித்து நகத்தால் பிராண்டினான். அட்டையை எடுப்பதாகத்தான் நினைத்தான். அவளுக்கு ரத்தம் வந்தது. அக்கம்பக்கம் ஓடி வந்து அவனைப் பிடித்தார்கள். பிரியந்தி போனை எடுத்துப் பாஸ்டரைக் கூப்பிட்டாள்.

முத்துலிங்கம் வந்தபோது காம்பரா நிறைய ஆட்கள். சபையிலிருந்தும் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். பாஸ்டர் முழங்காலில் நின்று, நடுங்குகிற அந்தத் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுருக்கமாக ஜெபித்தார். எழுந்ததும், "ஆட்டோ மேல நிக்குது. நாலு பேரு தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார்.

"பாஸ்டர், விசுவாசத்தோட ஜெபிச்சா போதாதா? மருந்து எதுக்கு?" என்று சபைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"அம்மா, மீனம்மாவுக்கு ரத்தம் ஓடுனப்போ ஜெபிச்சிக்கிட்டே கட்டுந்தானே போட்டோம்? இவருக்கும் ரத்தம் ஓடுது, வெளிய தெரியல அவ்வளவுதான். தூக்குங்க."

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலில் சேர்த்து ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். இரண்டு மூன்று நாள் அவனுக்கு எது பகல், எது கனவு என்று தெரியவில்லை. தெளிந்தபோது சிங்கள டொக்டர் பெண் ஒருத்தி கட்டிலருகே நின்றாள். தெரிந்த தமிழில் பேசினாள்: "ஐயா ரொம்ப நாள் குடிச்சது. ஒரேயடியா நிப்பாட்டினா உயிர் போகும். இனிமே கிளினிக் வரணும். மருந்து குடிக்கணும். வெக்கம் வேணாம். இது வருத்தம்தான். சரியா?"

"சரி நோனா."

வருத்தம், அதாவது நோய், என்று அவள் சொன்னது அவன் மனதில் நின்றது. குடிகாரன், நாசமாப் போனவன் என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறான். நோயாளி என்று யாரும் சொன்னதில்லை.

அன்று பார்வையாளர் நேரத்தில் பிரியந்தி வந்தாள். கையில் கட்டு. அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்கிட்டுத் திரும்புங்க. ஒண்ணுமில்ல, ஆறிருச்சு," என்றாள். பிறகு சொன்னாள்: "மீனம்மா அக்கா ஒரு சேதி சொல்லிவிட்டாங்க. ஞாயித்துக்கெழம அவுங்க வீட்லதான் ஒக்காந்திருப்பாங்களாம். நீங்க எந்த ஞாயித்துக்கெழம வந்தாலும் சரியாம்."

அவள் போன பிறகு பிரதாபன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தான். எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை. அவனுக்கு ஜெபம் செய்து பழக்கமில்லை. கோயிலில் தேங்காய் உடைத்திருக்கிறான், திருநீறு பூசியிருக்கிறான், இப்படி வெறும் வாயால் பேசியதில்லை. உதட்டுக்குள்ளேயே சொன்னான்: 'ஏசப்பா, ஒங்கள எனக்குத் தெரியாது. மீனம்மா அக்காவுக்குத் தெரியும். அவுங்க சொன்ன தைரியத்துலதான் பேசுறேன். இந்த ஒடம்ப ஒரு எடத்துல ஒக்கார வைங்க. என்னால ஏலல.' அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு, தான் இந்தக் கட்டிலில் தனியாகக் கிடக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். பிரதாபன் எழுந்து அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கீழ் லயம் இல்லை, சின்னராசா இல்லை, வேலை முடிந்த சாயங்காலம் இல்லை. அந்தச் சாயங்காலம்தான் அவனுக்கு எமன். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டால் கை எதையாவது தேடும். சபைக்கு உள்ளே போய் உட்கார ஆரம்பித்திருந்தான், கிளினிக்குக்கும் போனான், மாத்திரையும் போட்டான். ஆனாலும் ஐந்து மணி அடித்தால் நெஞ்சுக்குள் யாரோ சுரண்டுவார்கள்.

"அலையிறதே அலையிற, அத எனக்காவது ஒதவுற மாதிரி அலையேன்," என்றாள் மீனம்மா. "படியில ஏறும்போது நீ ஒருநா வழுக்குனா ரெண்டு பேருந்தான் போயிச் சேருவோம். புடிச்சிக்க ஒரு கம்பி இருக்கா அங்க?"

மறுநாளே அவன் தொடங்கினான். தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் போய் நின்று, வெட்டிப் போட்டிருந்த டேப்பென்டைன் கம்புகளைக் கேட்டு வாங்கினான். வேலை முடிந்த கையோடு படிக்கு வந்து குழி தோண்டுவான், கம்பை நடுவான், கல்லைப் போட்டு இடிப்பான். இருட்டும் வரை இடிப்பான். உள்ளே எழும்புகிற வெறியையெல்லாம் அந்தக் கல்லில் காட்டினான். சில நாள் சின்னராசா மேலே நின்று பார்த்துச் சிரித்தான்: "வேதத்துல சேந்தா கூலி கெடைக்குமாடா?" பிரதாபன் இன்னொரு கல்லைப் போட்டு இடித்தான். வாயைத் திறந்தால் கூடவே நடந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

ஒருமுறை வழுக்கத்தான் செய்தான். தீபாவளிக்கு மறுநாள், மச்சான் வீட்டில். ஒரு கிளாஸ். அடுத்ததை ஊற்றும்போது எழுந்து வெளியே வந்துவிட்டான். நேராக மீனம்மாவிடம் போனான். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஒண்ணு குடிச்சிட்டேன்."

"தெரியுது. வெள்ளன என்னா செய்யப்போற?"

"பாஸ்டர்கிட்டச் சொல்லணும். கிளினிக்லயும் சொல்லணும்."

"பொறவு?"

"கம்பு நடணும்."

"அப்ப போயிப் படு," என்றாள்.

அடுத்த வருஷம் ஒரு முகாமில் மீனம்மாவுக்குச் செயற்கைக் கால் அளவெடுத்தார்கள். கிஷாந்த் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் பிரதாபனோடு பேசுவதில்லை. பார்த்தால் ஒதுங்கிப் போவான். பிரதாபனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் வந்த பிறகு மீனம்மா பல வாரம் இஸ்தோப்பிலேயே நடந்து பழகினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கதிரையோடு போய் நின்றபோது, "அது வேணாம். இன்னைக்கி நான் நடக்கிறேன்," என்றாள்.

நடந்தாள். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. பிரதாபன் இரண்டு படி கீழே, கையை விரித்தபடி ஏறினான். எப்போது விழுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது. பாதித் தூரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டபோது அது வாயில் வந்துவிட்டது.

"அக்கா, இனி நான் தூக்க வேண்டியதில்லயே."

"இல்ல."

"அப்ப சனிக்கெழம என்னத்த நெனச்சி நான் குடிக்காம இருக்கிறது?"

மீனம்மா கம்பில் சாய்ந்துகொண்டாள். சேலை முனையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். இப்போது இருவரும் நேருக்கு நேர் இருந்தார்கள். அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பிரதாபா, இவ்வளவு நாளும் எனக்காக வந்த. நல்லது. எனக்காக வந்தது போதும். இனி வாறதுன்னா ஒனக்காக வா. இல்லாட்டி ஏசப்பாவுக்காக வா. வரலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலன்னாதான் எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கட்டும்," என்று கம்பைப் பிடித்து எழுந்தாள். "பயம் இருந்தா நல்லதுதான்."

ரோட்டுக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹட்டன் பஸ் வந்து நின்றது. பிரதாபன் அதைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் டவுன், டவுனில் சாராயத் தவறணை. யாரும் அவன் வாயை மோந்து பார்க்கப் போவதில்லை. பஸ் புறப்பட்டு வளைவில் மறையும் வரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மீனம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை பெஞ்சுகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறிப் போய் உட்கார்ந்துவிட்டாள். பிரியந்தி ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

பிரதாபன் உள்ளே போனான். ஆண்கள் பக்கத்தில், வாசலுக்கு அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு தொடங்கியது. மீனம்மா வழக்கம்போல முந்திக்கொண்டு ஓடினாள். அவனுக்கு முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெஞ்சே அதிர்ந்தது. பக்கத்திலிருந்த வீரபத்திரன் கையை நீட்டி அந்த முழங்காலின் மேல் வைத்தார். பாட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

கால் ஆடுவது நிற்கவில்லை. பிரதாபன் வரியைத் தேடிப் பிடித்து, பாட ஆரம்பித்தான்.